விலக்குப் பிரிவுக்குள் ஒரு மலை

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1920களில் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது நிலச்சுவான்தார்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதியின் வழியாக. பெரிய நிலவுடைமைக்காரர்கள் கூடித் தங்களில் ஒருவரை அனுப்பி வைக்கும் தொகுதி அது. திருச்செங்கோட்டுப் பக்கத்து அந்த ஜமீனிலிருந்து கிழக்கே இராசிபுரம், சேந்தமங்கலம் என்று போனால் கொல்லிமலை எழுந்து நிற்கும். மலைமேல் பெரக்கரை நாட்டில் சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்த குடியானவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டுகளில் சுப்பராயன் கையெழுத்தாகவோ கைதூக்கலாகவோ பங்கெடுத்த சட்டங்கள் பல அந்த மலையை நோக்கி ஏறின. சில மேலே போய்ச் சேர்ந்தன. சில பாதி வழியில் நின்றன. இரண்டு மட்டும், மலைக்காரர்களுக்குத் தாங்கள் பொருந்தமாட்டோம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டன.

மலைக்கு ஏற்கெனவே சொந்தமாக ஒரு நிர்வாகம் இருந்தது. வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, பெரக்கரை நாடு என்று மலையை நாடு நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள் அங்குள்ள மலையாளிகள். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிப் பக்கமிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறியதாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள்.) பிற்காலத்தில் ஊராட்சிகள் அமைத்தபோது அரசும் அந்தப் பெயர்களையே எடுத்துக்கொண்டது. இன்று கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் நாடுகள்தாம்.

ஊருக்கு ஒரு தலைவர், நாட்டுக்கு ஒரு தலைவர், கவுண்டர் என்ற பட்டம், பெரியவர்கள் கூடிய பஞ்சாயத்து. ஒருத்தி கணவனை விட்டு வேறொருவனோடு போய்விட்டாள், வரப்பு நகர்ந்துவிட்டது, கொடுத்த பரியத்தைத் திருப்பித் தரவில்லை என்பன போன்ற வழக்குகள் அங்கேதான் வரும். இரு தரப்பும் பேசும், பெரியவர்கள் கேட்பார்கள், தண்டம் விதிப்பார்கள், அடங்காதவரை ஊரை விட்டு ஒதுக்கி வைப்பார்கள். எழுத்து இல்லை, அப்பீல் இல்லை. கணவனை விட்டுப் போனவளுக்குப் பிறந்த குழந்தைகள் பழைய கணவனுக்கே உரியவர்கள் என்பது போன்ற விதிகளை வெள்ளைக்கார அதிகாரிகள் வியப்போடு எழுதி வைத்தார்கள். அதிகாரிகள் காதில் விழுந்ததையெல்லாம் வழக்கம் என்று பதிவு செய்யும் பழக்கமுடையவர்கள். அவர்கள் எழுத்தை அப்படியே விழுங்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

சுப்பராயன் வந்த உலகம் வேறு. 1889-இல் பிறந்தவர். சென்னையில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு வாதம் கல்லூரிக்குப் போய், டப்ளினில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானவர். கொங்கு வேளாளர் ஜமீன் வாரிசு, மங்களூர் சாரஸ்வத பிராமணப் பெண் ராதாபாயைச் சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் குத்முல் ரங்கராவ் மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, சொந்தச் சாதியின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர். ராதாபாய் பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். சீர்திருத்தம் அந்த வீட்டுக்குள் மேடைப் பேச்சாக வரவில்லை, உறவாகவே வந்தது.

1926 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சுயராஜ்யக் கட்சி ஆட்சி அமைக்க மறுத்தது. கட்சி சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் முதலமைச்சராக்கினார். 1928-இல் சைமன் கமிஷன் விவகாரத்தில் உடனிருந்த இரண்டு அமைச்சர்களும் விலக, அவர் நீதிக்கட்சியின் ஆதரவோடு நாற்காலியில் தொடர்ந்தார். அந்த இரண்டாம் சுற்றில் அமைச்சராக வந்த எஸ். முத்தையா முதலியார்தான் வகுப்புவாரி உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசு வேலை 12 என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. மலைவாழ் மக்களுக்கென்று அந்தப் பன்னிரண்டில் ஒரு இடமும் இல்லை. அப்படி ஒரு பிரிவை யாரும் கேட்கவும் இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் இந்த ஆட்சியின்போதே. கோயில் ஊழியத்துக்குக் கட்டுண்ட மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே விடுவிக்கும் திருத்தம் 1929-இல் வந்தது. குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் அவர் பேசினார். டில்லியில் சாரதா சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18.

சாரதா சட்டம் மதம், சாதி பார்க்காமல் எல்லோருக்கும் பொது. ஆக, அது கொல்லிமலைக்கும் பொருந்தும். ஆனால் மலையில் பதிவான வழக்கமோ தலைகீழ். வயது வந்த பெண்ணைச் சிறுவனுக்குக் கட்டிவைப்பது மலையாளிகளிடம் உண்டு என்று 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் தொகுப்பு சொல்கிறது. சாரதா சட்டமோ சிறுமியைக் கட்டும் ஆணைத் தண்டிக்க எழுதப்பட்டது. சிறுவனைக் கட்டும் பெரிய பெண்ணுக்கு அதில் தண்டனையே இல்லை. திருமணத்தை நடத்தி வைத்தவரும் பெற்றோரும் மட்டும் சிக்குவார்கள். கீழ்நாட்டு அக்கிரகாரத்தையும் நகரத்தையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் மலைமேல் போனால் இப்படித்தான் கோணலாக நிற்கும்.

சுப்பராயன் பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டது பதவியை இழந்த பிறகு. 1932-இல் குருவாயூர் கோயிலைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கச் சொல்லி, கேரளக் காங்கிரஸ்காரர் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார்; காந்தியும் எரவாடா சிறையிலிருந்து அதில் இறங்கினார். கோயில் பொறுப்பாளர்கள் காட்டிய காரணம் சட்டம். வழக்கத்தை மீறினால் நீதிமன்றம் எங்களைத் தண்டிக்கும் என்றார்கள். அது வெறும் சாக்கு அல்ல. கோயில் வழக்கம் என்று நிரூபித்துவிட்டால் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அதைக் காப்பாற்றிக் கொடுத்த காலம் அது. அப்படியானால் சட்டத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் சுப்பராயன் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவை ஆதரித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். தொடர்ந்து மசோதாவும் தயாரித்தார். மசோதாவை அவையில் வைக்க வைஸ்ராயின் முன் அனுமதி வேண்டும். காந்தி உண்ணாவிரதத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். 1933 ஜனவரியில் பதில் வந்தது: இது ஒரு மாகாணத்தின் விஷயம் அல்ல, இந்துக்கள் அனைவரையும் தொடுவது, ஆகவே சென்னை மசோதாவுக்கு அனுமதி இல்லை. மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினர் ரங்க ஐயரின் மசோதாவுக்கு மட்டும் வழி விட்டார்கள். அதுவும் 1934-இல் கைவிடப்பட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் சுப்பராயனைத் தியாகிகள் பக்கத்தில் வைத்துவிடலாம். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் அவர் சட்டம், கல்வி இரண்டுக்கும் அமைச்சர். 1938-இல் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது, ராஜாஜி அதை எதிர்த்தார். காங்கிரஸின் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே கோரிக்கையை எழுப்பியவர் அன்று தோற்கடித்த தரப்பின் சட்ட அமைச்சர். அதற்குப் பதிலாக மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. சாதி இந்துக்களிடம் வாக்கெடுத்துப் பெரும்பான்மை சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம். உள்ளே விடலாமா என்று வெளியே நிற்பவரைக் கேட்காமல், உள்ளே இருப்பவரைக் கேட்கும் சட்டம்! அம்பேத்கர் இந்த வரலாற்றைப் பின்னாளில் காங்கிரஸ் மீதான குற்றப்பத்திரிகையில் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை.

1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டோர் சிலரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போன பிறகு, திறந்துவிட்ட அதிகாரிகளை வழக்கிலிருந்து காப்பாற்ற அவசரச் சட்டம், அடுத்து முழுச் சட்டம் வந்தது. எல்லாக் கோயில்களையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்த சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. ஒரு தீர்மானம் சட்டமாக முதிர்வதற்குப் பதினைந்து ஆண்டு.

கொல்லிமலை இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. வாழப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. மலையாளிகளுக்கு அது வாசல் மூடிய கோயில் அல்ல. ஆனால் வேறொரு சட்டம் வழியாக அரசு அந்த வாசலுக்கு வந்தது. நீதிக்கட்சி முதலமைச்சர் பனகல் அரசர் தொடங்கி, சுப்பராயன் ஆட்சிக்கு வந்த வேளையில் 1927-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்ற இந்து அறநிலையச் சட்டம், கோயில் கணக்கு வழக்குகளை அரசின் பார்வைக்குக் கீழ் கொண்டுவந்தது. அறப்பளீசுவரர் கோயில் இன்று அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. நாட்டுப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லும் பெரியண்ணசாமி, காளி, பிடாரி கோயில்களின் கதை தனி.

ராஜாஜியின் அந்த அமைச்சரவை சேலம் மாவட்டத்தை ஒரு சோதனைச் சாலையாகவே ஆக்கியது. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு இந்த மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. நாமக்கல் தாலுகா 1910-இல் திருச்சிக்குப் போய் 1929-இல்தான் சேலத்துக்குத் திரும்பியிருந்தது. அதனால் கொல்லிமலையின் பெரும்பகுதியும் சோதனைக்குள் வந்தது. ஒரே இரவில் கள்ளுக்கடைகள் மூடின. மது வரியில் இழந்ததை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. இன்று பில்லில் வரி பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் அதன் பூர்வீகத்தைச் சேலத்துக் கள்ளுக்கடையில் தேடலாம்.

1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் மலைக்கு இன்னும் நெருக்கமான விஷயம். அதன் கணக்கைப் பார்த்தால்தான் துணிச்சல் தெரியும். 1932 அக்டோபர் 1-க்கு முன் ஒரு விவசாயி 100 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அசலாகவோ வட்டியாகவோ மொத்தம் 200 ரூபாய் அவர் கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது, பத்திரத்தில் எவ்வளவு பாக்கி எழுதியிருந்தாலும் சரி. 170 கட்டியிருந்தால் இன்னும் 30 கட்டினால் போதும். 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்து நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் தள்ளுபடி. லேவாதேவிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

ஆனால் இந்த நன்மை யாருக்குக் கிடைக்கும்? நிலத்தில் உரிமை இருக்க வேண்டும். கட்டியது இவ்வளவு என்று காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும் மலையில் அன்று தலைச்சுமையோடு நடந்துதான் ஏறி இறங்கினார்கள். விளைச்சலைச் சந்தையில் கொடுத்து உப்பும் துணியும் வாங்கிப் போகிறவர் வாய்ப்பேச்சில் வைத்த கடனுக்குப் பத்திரம் எங்கே, ரசீது எங்கே? எழுத்து இல்லாத கடனுக்கு எழுத்தில் இருந்த நிவாரணம் எட்டுவது கடினம். சட்டம் நல்லது, துணிவானது. அது பத்திரம் வைத்திருந்த சமவெளி விவசாயியை நினைத்துச் செய்யப்பட்டது.

கல்வி அமைச்சர் சுப்பராயனைப் பற்றி அதிகம் பேசாமல் கடந்துபோவது அவருடைய ரசிகர்களின் வழக்கம். 1938-இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அமைச்சரவையில் கல்வி அவர் கையில் இருந்தது. அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் பிணமாக வந்தது 1939-இல். அதே சுப்பராயன்தான் 1955-இல் பி.ஜி. கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, இந்திக்கு அவசரப்படும் பரிந்துரைகளை மறுத்து, வங்காளத்தின் சுனிதி குமார் சாட்டர்ஜியைப் போலவே தனியாக மாறுபட்ட குறிப்பு எழுதினார். மனம் மாறினாரா, காலம் மாறியதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். இரண்டும் அவர் கணக்கில்தான் இருக்கின்றன.

1947-48-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் போலீஸ், உள்துறை சுப்பராயன் பொறுப்பில். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக வந்தது அந்த ஆட்சியில். மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியதும் அப்போதே. கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்டதும் அப்போதே. அமைச்சரின் மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதியும் கம்யூனிஸ்டுகள். இன்னொரு மகன் பி.பி. குமாரமங்கலம் பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதியானார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒரு தேசத்தின் சண்டைகள் எல்லாம் நடந்தன.

அரசியல் நிர்ணய சபை, இந்தோனேசியத் தூதர் பதவி ஆகியவற்றுக்குப் பிறகு 1954-இல் அவர் மாநிலங்களவைக்குப் போனார்; 1957 வரை அங்கே இருந்தார். இந்தியக் குடும்பச் சட்டம் தலைகீழாகப் புரண்ட ஆண்டுகள் அவை. 1955-இல் இந்துத் திருமணச் சட்டம்: ஒருவனுக்கு ஒரு மனைவி, நீதிமன்ற விவாகரத்து. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம்: தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு. இரண்டு சட்டங்களிலும் 2-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு ஒரே விஷயத்தைச் சொல்கிறது: மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை, பட்டியல் பழங்குடியினருக்கு இச்சட்டம் பொருந்தாது.

கொல்லிமலை மலையாளிகள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள். பட்டியலும் மாவட்டம் பார்த்துத்தான் அவர்களை அங்கீகரிக்கிறது: சேலம், தருமபுரி, வடஆர்க்காடு, தென்னார்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பழங்குடி இல்லை என்று ஆகிவிட்டார்கள். பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மலைமேல் ஏறிப் பார்த்தால், கணவனை விட்டுப் போவது எப்படி, குழந்தை யாருக்கு, மகளுக்கு நிலத்தில் என்ன என்பதையெல்லாம் நாட்டுப் பஞ்சாயத்து சொல்லும் வழக்கமே சட்டமாக நின்றது. 1989-இல் கருணாநிதி அரசு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் சம பங்கு கொடுத்துத் திருத்தம் செய்தது. 2005-இல் நாடு முழுக்க அது வந்தது. திருத்தமும் மூலச் சட்டத்தைத்தானே ஒட்டி நிற்கும். பெரக்கரை நாட்டு மகள் சமவெளியில் மணமாகிப் போன தோழியைவிட, சட்டப் புத்தகத்தின்படி, இன்னும் பின்னால்தான் இருந்தாள்.

இந்த விலக்கில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மறுமணமும் மணமுறிவும் மலைப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த உரிமைகள். கீழே 1955-இல்தான் அவற்றைச் சட்டமாக்கிக் கொண்டாடினார்கள். நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலையாமல் ஒரே நாளில் பஞ்சாயத்தில் பிரிந்து போகலாம். ஆனால் மறுபக்கமும் உண்டு. 2001-இல் உச்ச நீதிமன்றம் வரை வந்த ஒரு வழக்கில், சந்தால் பழங்குடிக் கணவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார் என்று ஒராவோன் பழங்குடி மனைவி புகார் கொடுத்தார். திருமணச் சட்டம் பொருந்தாது, ஒரு மனைவிதான் என்ற வழக்கத்தை அவர் நிரூபிக்கவும் இல்லை என்று புகார் தள்ளுபடியானது. விலக்கு யாரைக் காப்பாற்றுகிறது என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது. பெரும்பாலும் ஆண் பக்கம்தான் சாய்கிறது.

சுப்பராயன் 1957-இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போய், மத்தியப் போக்குவரத்து அமைச்சராகி, 1962-இல் மகாராஷ்டிர ஆளுநரான சில மாதங்களிலேயே காலமானார். மலையின் சட்ட நிலை அப்படியே இருந்தது. ஆந்திரம், ஒடிசா போன்ற மாநிலங்களில் மலைப் பகுதிகள் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்குள் வந்தன. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட வரவில்லை. பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும் இருக்கிறது. அதனால், கிராம சபைக்கு நிலத்திலும் வழக்கத்திலும் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் கொல்லிமலைக்கு இல்லை. குடும்ப விஷயத்தில் பழங்குடி என்று விலக்கி வைத்தவர்கள், நில விஷயத்தில் பழங்குடிப் பகுதி என்று சேர்த்துக்கொள்ளவில்லை. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு இரண்டு: ஏற்காடும், கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலமும். மக்களவையில் தமிழகத்தின் 39-இல் ஒன்றும் இல்லை.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த விலக்கைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் நிரூபிக்கப்படாத நிலையில் பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்றது. இதனால் நீதிமன்றத்தில் பாரம் இடம் மாறுகிறது. பங்கு கேட்கும் மகள் தன் உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை. பங்கு இல்லை என்று சொல்லும் அண்ணன் தம்பிகள்தான் வழக்கத்தை நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சியாகக் கூண்டேற வேண்டியவர்கள், எழுதி வைக்காமலே தலைமுறைகளாகத் தீர்ப்புச் சொல்லி வந்த நாட்டுப் பெரியவர்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் கேட்கப்போவது, இதற்கு ஏதாவது எழுத்து உண்டா என்பதுதான்.